படிக்கத் தடுமாறும் பிள்ளையும் பேச்சுப் பயிற்சியாளரும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க தொழிலைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க மேடம், ஆனா போரடிக்காம பேசணும்" என்றார். பேசுவதற்கு நான் பொறுப்பு. போரடித்தால் அவரைக் கேளுங்கள்.

இந்தக் கல்லூரியில் நான் படித்தது இயற்பியல். அதற்குப் பிறகுதான் பேச்சு, கேட்பியல் துறைக்குப் போனேன். எங்கள் உறவுக்காரர்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைத் "திக்குவாய் டாக்டர்" என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். நான் டாக்டரும் இல்லை, திக்குவாய் மட்டுமே என் வேலையும் இல்லை. என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள். அவர்களுக்குப் படிக்க மட்டும் வராது. அவர்களுடைய பெற்றோர் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "படிக்க வரலேன்னா டியூஷனுக்கு அனுப்பணும், இல்லேன்னா கண் டாக்டர்கிட்ட காட்டணும். பேச்சுப் பயிற்சிக்கு ஏன் அனுப்பியிருக்காங்க?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்றைக்கு என் வேலை.

இப்படிப்பட்ட பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் என்று வையுங்கள். கிரிக்கெட் ஆட்டத்தைப் பந்து பந்தாக வர்ணிப்பான். வீட்டு ரேடியோவைப் பிரித்துத் திரும்ப மாட்டுவான். ஆனால் 'பட்டம்' என்று சொன்னால் 'படம்' என்று எழுதுவான். 'சென்றான்' என்பது 'செறான்' ஆகும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியைக் குத்துமதிப்பாகச் சொல்லுவான். வகுப்பில் வரிசையாக எழுந்து படிக்கச் சொன்னால், தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணி, தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டு, பக்கத்துப் பையனிடம் அதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவான். இவ்வளவு மூளை உள்ளவனுக்குத்தான் பள்ளிக்கூடம் 'கவனம் போதாது, முயற்சி தேவை' என்று எழுதி அனுப்புகிறது. அப்பா ஒரு டியூஷனுக்கு இரண்டாக வைக்கிறார். திங்கட்கிழமை காலையில் பையனுக்கு வயிற்றுவலி வருகிறது. அது பொய் வலி என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே வலிக்கும்.

இது நம் ஊரில் புதிதாக முளைத்த வியாதி என்று சிலர் நினைக்கிறார்கள். 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை 1887-ல் வழக்கில் கொண்டுவந்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், விளையாட்டில் சுறுசுறுப்பு, அல்ஜீப்ரா நன்றாகப் போடுவான். ஏழு வருஷம் சொல்லிக்கொடுத்தும் படிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே முதல் மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே பையன்தான் எங்கள் வாசலில் வந்து நிற்கிறான்.

இதை முதலில் கவனித்தவர்களில் பலர் கண் மருத்துவர்கள். கிளாஸ்கோ நகரில் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஹின்ஷெல்வுட்டும் கண் மருத்துவர்தான். அதனால் கோளாறு பார்வையில் இருக்கிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. எழுத்து நடனமாடுகிறது, தலைகீழாகத் தெரிகிறது என்றெல்லாம் இன்றும் பேசுகிறோம். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படம் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்தப் பிள்ளைகளுக்கு விடுதலை வாங்கித் தந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் அதில் எழுத்துகள் ஆடுகிற காட்சிதான் எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் சின்ன 'பி'யையும் சின்ன 'டி'யையும் மாற்றி எழுதுவது ஆறு ஏழு வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் செய்வது. அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம்.

திருப்பம் வந்தது 1970-களில். அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் என்ற அம்மையாரும் அவருடைய குழுவும் சின்னப் பிள்ளைகள் கையில் ஒரு மரக்குச்சியைக் கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை அசை இருக்கிறதோ அத்தனை தட்டச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தை எத்தனை தனி ஒலி இருக்கிறதோ அத்தனை தட்டச் சொன்னார்கள். 1974-ல் வெளிவந்த முடிவு இது: நர்சரிப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் அசையைச் சரியாகத் தட்டினார்கள், தனி ஒலியைத் தட்ட ஒருவராலும் முடியவில்லை. முதல் வகுப்பு முடிவில் 90 சதவீதம் பேர் அசையையும், 70 சதவீதம் பேர் ஒலியையும் தட்டினார்கள். ஆக, ஒரு சொல் தனித்தனி ஒலிகளால் ஆனது என்பது பிள்ளைக்குத் தானாகத் தெரியும் விஷயம் இல்லை.

1983-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிராட்லி, பிரையன்ட் என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 400 பேரிடம், சில சொற்களைச் சொல்லி, ஓசையில் ஒட்டாத சொல் எது என்று கேட்டார்கள். அதில் தடுமாறியவர்கள்தான் பின்னால் படிப்பதிலும் தடுமாறினார்கள். தடுமாறியவர்களில் சிலருக்கு ஓசைகளை இனம் பிரிக்கப் பழக்கினார்கள். வேறு சிலருக்கு அதோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கொடுத்துப் பழக்கினார்கள். ஓசையும் எழுத்தும் சேர்ந்து கிடைத்த பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். என் தொழிலில் இந்த ஒரு முடிவை நான் மறப்பதே இல்லை. ஓசை மட்டும் போதாது. எழுத்து மட்டும் போதாது.

காது கேட்காத பிரச்சினை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. காது நன்றாகவே கேட்கும். கேட்ட சொல்லை உள்ளே பிரித்துப் பார்ப்பதிலும், அந்தத் துண்டுகளைச் சற்று நேரம் நினைவில் நிறுத்துவதிலும், எழுத்தோடு சட்டென்று முடிச்சுப் போடுவதிலும்தான் சிக்கல். ஒலியைப் பிரிப்பது, நாக்கு எங்கே படுகிறது என்று பார்ப்பது, நினைவில் நிறுத்தப் பழக்குவது, இவையெல்லாம் எங்கள் பாடத்திட்டத்தில் முதல் வருஷமே வந்துவிடுகிற சமாசாரம். படிப்பும் எழுத்தும் எங்கள் பொறுப்பில் சேர்ந்தவை என்று அமெரிக்கப் பேச்சு, கேட்பியல் சங்கம் 2001-லேயே முறைப்படி அறிவித்துவிட்டது.

"அது இங்கிலீஷுக்குச் சரி. தமிழ் எழுதறபடியே படிக்கிற மொழியாச்சே?" என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் கேட்டார். ஓரளவுக்கு அவர் சொல்வது உண்மை. எழுத்துக்கும் ஒலிக்கும் நெருங்கிய உறவு உள்ள இத்தாலிய மொழி, ஜெர்மன் மொழியில் இந்தப் பிள்ளைகள் தப்புத் தப்பாகப் படிப்பதில்லை, மெதுவாகப் படிக்கிறார்கள். தடுமாற்றத்தின் வேர் ஒன்றுதான், வெளியே தெரியும் விதம் வேறு. நம் வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் பிள்ளை திணறுவது இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். தமிழில் எழுத்துக்கூட்டி எப்படியோ ஒப்பேற்றிவிடுவான். "தமிழ் வருது, இங்கிலீஷ்தான் வரல" என்று பெற்றோர் நினைப்பார்கள். ஒரு பத்தியைப் படிக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஆனால் தமிழுக்கென்றே சில மேடு பள்ளங்கள் உண்டு. நாம் பழகிப்போனதால் நமக்குத் தெரிவதில்லை. 'க' என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கல்' என்கிறபோது ஒரு ஒலி, 'பங்கு' என்கிறபோது வேறு ஒலி, 'மகன்' என்கிறபோது இன்னொரு ஒலி. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஓசை பின்னால் வருகிறது. 'கொ'வில் முன்னும் பின்னும் காவல்காரர்கள். 247 எழுத்து என்று பெருமையாகச் சொல்லுகிறோம். 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்துதான் 216 உயிர்மெய் என்ற சூத்திரம் பிடிபட்டுவிட்ட பிள்ளைக்கு அது விளையாட்டு. பிடிபடாத பிள்ளைக்கு இருநூற்றுச் சொச்சம் தனித்தனிப் படங்களை மனப்பாடம் செய்கிற தண்டனை. (1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, 'லை', 'னை' போன்றவற்றின் யானைத் தும்பிக்கையை எடுத்ததே, அது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய உபகாரம். நம் வயதுக்காரர்கள் அந்தத் தும்பிக்கையோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கும்.)

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம், பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் 'வெத்தல', புத்தகத்தில் 'வெற்றிலை'. வீட்டில் 'காத்து', புத்தகத்தில் 'காற்று'. வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. சாதாரணப் பிள்ளை இந்தப் பாலத்தைத் தானே கட்டிக்கொண்டுவிடும். நம் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வியர்த்து விறுவிறுத்து 'வெற்றிலை' என்று சொல்லி முடித்தாலும், அது தன் பாட்டி போடுகிற வெத்தலதான் என்று அவனுக்கு உறைப்பதில்லை.

சரி, எங்கள் அறைக்குள் என்னதான் நடக்கிறது? முதல் நாள் புத்தகத்தையே தொட மாட்டோம். கண்ணும் காதும் சோதிக்கப்பட்டுவிட்டனவா என்று கேட்போம். பிள்ளை எப்போது பேச ஆரம்பித்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது படிக்கச் சிரமம் இருந்ததா என்று விசாரிப்போம், ஏனென்றால் இது குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு. அம்மா "யாருக்கும் இல்லை" என்பார். அப்பா குனிந்து தரையைப் பார்ப்பார். பிறகு அர்த்தமே இல்லாத சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லுவோம். 'முடலிபுகை' என்று சொன்னால் இந்தப் பிள்ளை 'முடிபுகை' என்று திருப்பித் தரும். தெரிந்த சொல் என்றால் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடும். அர்த்தமில்லாத சொல்லில் ஓசையை மட்டுமே நம்பியாக வேண்டும், அங்கேதான் குட்டு வெளிப்படும்.

பயிற்சி என்பது பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். ஒரு கிண்ணம் புளியங்கொட்டை வைத்திருப்பேன். 'மரம்' என்றால் முதலில் கைதட்டி ம-ரம் என்று பிரிப்போம். பிறகு ஒலிக்கு ஒரு கொட்டை: ம், அ, ர், அ, ம். ஐந்து. நடுவில் இருக்கும் 'ர்'ஐ எடுத்துவிட்டு 'ட்'ஐ வைத்தால் என்ன ஆகும்? 'மடம்'. முதல் 'ம்'ஐ எடுத்துவிட்டுப் 'ப்' வைத்தால்? 'படம்'. அந்தப் படத்தின் நடுவில் இன்னொரு 'ட்' நுழைத்தால் பட்டம் பறக்கும். 'படம்' என்று எழுதிக்கொண்டிருந்த பையன், அந்தக் கூடுதல் கொட்டையைத் தன் விரலால் நகர்த்தி வைக்கும்போதுதான் இரண்டுக்கும் வித்தியாசத்தைக் கேட்கிறான். கொட்டைகள் பழகியதும் அவற்றுக்குப் பதிலாக எழுத்து அட்டைகள் வரும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மாதக்கணக்கில் கைதட்டிக்கொண்டே இருந்தால் தாளம் வரும், படிப்பு வராது.

'ல', 'ள', 'ழ' குழப்பத்துக்குக் கண்ணாடி உண்டு. 'ல'வுக்கு நாக்கு நுனி மேல் பல் அடிவாரத்தைத் தொடும். 'ள'வுக்கு நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு மடியும், ஆனால் தொடாது. பிள்ளை தன் வாயைத் தானே கண்ணாடியில் பார்த்து, "மிஸ், இது தொடல" என்று சொல்லும். இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு இயலே இருக்கிறது. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று வரிசையாகச் சொல்லுகிறது. கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாக வைத்ததும் அதுவே. குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு: 'கல்', 'கால்'. நான் தினமும் செய்வது இதைத்தான். தமிழ்த் துறைப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் ஒன்று சொல்லுவேன்: பிறப்பியலை மதிப்பெண்ணுக்கு மட்டும் நடத்தாமல் ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடு நடத்துங்கள். 'ந'வுக்கும் 'ன'வுக்கும் பெரும்பாலோர் பேச்சில் இன்று வித்தியாசமே இல்லை, அங்கே கண்ணாடி உதவாது. சொல்லின் முதலிலும் 'த'வுக்கு முன்னாலும் 'ந' என்ற விதியைச் சொல்லித்தருவோம். விதி கிடைத்தால் இந்தப் பிள்ளைகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

பேச்சுக்கும் புத்தகத்துக்கும் நடுவிலுள்ள பாலத்தை வாயாலேயே கட்டுவோம். பிள்ளை சொல்லுகிற கதையை அவன் பேச்சிலேயே எழுதிக்கொண்டு, பிறகு "இதைப் புத்தகம் எப்படிச் சொல்லும்?" என்று கேட்போம். 'காத்து' அடித்த இடத்தில் 'காற்று' வீச ஆரம்பிக்கும். படிக்காத பிள்ளைக்குச் சொல்வளமும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். ஆகவே தினமும் யாராவது அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்புவோம். "அவனே படிக்கட்டும், நாம படிச்சுக் காட்டினா சோம்பேறி ஆயிடுவான்" என்பார் அப்பா. ஆக மாட்டான். கதை ருசி தெரிந்தால்தான் எழுத்தோடு மல்லுக்கட்ட மனசு வரும்.

மணலில் விரலால் எழுதி வாய்விட்டுச் சொல்லும் முறையையும் கையாளுகிறோம். அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் பெயரால் வழங்கும் முறையிலும் கண், காது, கை மூன்றையும் சேர்த்தே பழக்குகிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணல்தான், வாய்விட்டுச் சொல்லுவதுதான். அதனால் அந்தக் காலத்தில் இந்தக் குறையே இல்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அன்றைக்குப் படிக்க வராதவன் மாடு மேய்க்கப் போனான். யார் கணக்கிலும் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்களால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்லெக்சியாவை 'குணப்படுத்தி' அனுப்புவதாக யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். இது வியாதி இல்லை, மாத்திரை இல்லை, கண் பயிற்சியாலும் வண்ணக் கண்ணாடியாலும் தீர்ந்தது என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. நன்றாகப் பழகிய பிள்ளையும் பெரியவனான பிறகு கொஞ்சம் மெதுவாகத்தான் படிக்கலாம். தனியாக நாங்கள் மட்டும் சாதிப்பதும் இல்லை. சோதித்து அறிக்கை தர உளவியலாளர் வேண்டும். தினசரிப் பாடத்துக்குச் சிறப்பு ஆசிரியர் வேண்டும். வகுப்பாசிரியரின் தயவு எல்லோரையும்விட அதிகம் வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் நான் கட்டுவதை, வாரம் முப்பது மணி நேரம் வகுப்பில் இடித்துக்கொண்டிருந்தால் என்ன பலன்?

சட்டம் இப்போது துணைக்கு இருக்கிறது. 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகக் கற்றல் குறைபாடும் சேர்ந்தது. தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாள், மொழிப் பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சில பள்ளிகளில் சான்றிதழ் கையில் வந்ததும் "இனி இவனைப் படிக்கச் சொல்ல வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள். சலுகை பத்தாம் வகுப்பைத் தாண்ட உதவும். பஸ் போர்டைப் படிக்கவும், பாங்கு பாரத்தை நிரப்பவும் அவனுக்கு எழுத்து தெரிந்தாக வேண்டுமே?

கேள்வி நேரத்துக்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிட்டது, துண்டுச் சீட்டில் யாரோ எழுதி அனுப்பியிருக்கிறார்கள்: "என் பேரனுக்கு ஐந்து வயது. 'ர'வை 'ல' என்கிறான். இது டிஸ்லெக்சியாவா?" அது ஒன்றை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பேச்சு மிகவும் தாமதமாக வந்ததா, பழகிய பொருளின் பெயர்கூடச் சட்டென்று வராமல் 'அது, இது' என்கிறானா, ஓசை ஒத்துவரும் சொல் விளையாட்டு பிடிபடவில்லையா, வீட்டில் யாருக்காவது படிப்பதில் சிரமம் இருந்ததா என்று கவனியுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் இப்போதே ஒரு முறை காட்டிவிடுங்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஐந்தாம் வகுப்புவரை காத்திருப்பதில்தான் பிள்ளைகளின் நல்ல வருஷங்கள் போய்விடுகின்றன. ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் ஒரு காலை நேரம்தானே நஷ்டம்?

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். பேச்சு, கேட்பியல் பட்டப்படிப்பு, கடைசி வருஷப் பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டு. முடித்தவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வேலை செய்யலாம். எங்கள் துறைக்காரர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறோம். தமிழில் பயிற்சி தர, தமிழைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் வேண்டும்; அதிலும் சிற்றூர்ப் பேச்சு தெரிந்தவர்கள் வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பார்க்கலாம், பழைய வேப்ப மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பேன். புளியங்கொட்டைக் கிண்ணமும் கொண்டுவந்திருக்கிறேன். அந்தத் துண்டுச் சீட்டு அனுப்பியவரும் கட்டாயம் வாருங்கள்.